அந்தஸ்தும் தகுதியும் ஒன்றா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘சமுதாயத்தில் உயர்ந்த அந்தஸ்தை அடைவதே என் இலட்சியம்’ என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ‘அந்தஸ்து’ தமிழ்ச்சொல் அன்று என்று அடித்துவிட்டு, ‘தகுதி’ என்று திருத்தியிருக்கிறார் தமிழாசிரியர். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அது தமிழ்ச்சொல் அன்று என்பதில் ஆசிரியரோடு எனக்கு வழக்கில்லை, ஆனால், அவர் மாற்றி எழுதிய சொல்லால் வாக்கியத்தின் பொருளே வேறாகிவிட்டது.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘அந்தஸ்து’ என்பது இன்றும் கட்டடத்தின் ஒரு தளத்தைக் குறிக்கும். சமுதாயத்தில் ஒருவர் எந்தத் தளத்தில் வைத்து எண்ணப்படுகிறார் என்ற பொருளும் அங்கே உண்டு. தமிழ் வழக்கில் நிலைத்தது இந்த இரண்டாம் பொருள்தான். ‘மேல்தட்டு’, ‘நடுத்தட்டு’ என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ‘தகுதி’யோ ‘தகு’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. ஒன்றுக்குப் பொருத்தமாக இருத்தல் என்பதே அதன் பொருள். தகுதி ஒருவரிடம் இருப்பது, அந்தஸ்து மற்றவர்கள் அவருக்குக் கொடுப்பது என்று கொண்டால் பெரும்பாலான இடங்களில் குழப்பம் வராது.

செய்தித்தாளையே பாருங்கள். மக்களவை எதிர்க்கட்சித் தலைவருக்குக் கேபினட் அமைச்சருக்கு இணையான அந்தஸ்து உண்டு என்றும், ஜம்மு காஷ்மீர் 2019இல் மாநில அந்தஸ்தை இழந்தது என்றும் எழுதுகிறார்கள். இங்கே ‘தகுதி’ என்று போட்டால், மாநிலமாக இருக்கவே அது லாயக்கற்றுப் போய்விட்டது என்று படிப்பவர் நினைக்கக்கூடும். கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான்: ‘அந்தஸ்து பார்க்கிறார்கள்’ என்றால் வீடு, நிலம், வந்துபோகும் உறவுகள் எல்லாம் எண்ணப்படுகின்றன, ‘தகுதி பார்க்கிறார்கள்’ என்றால் மாப்பிள்ளையின் படிப்பும் வேலையும் விசாரிக்கப்படுகின்றன. தமிழை இந்திய அரசு 2004இல் செம்மொழியாக அறிவித்தபோது ‘செம்மொழித் தகுதி’ என்றும் ‘செம்மொழி அந்தஸ்து’ என்றும் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். தகுதி அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது, அந்த ஆண்டு கிடைத்தது அந்தஸ்துதான் என்பது என் கட்சி.

இன்னொன்று. ‘அந்தஸ்து’க்குச் சிவப்பு மை பூசியவர், அதே வரியில் இருக்கும் ‘இலட்சியம்’ வடசொல் என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அதற்கு நம்மிடம் ‘குறிக்கோள்’ இருக்கிறது. அதுவும் நேற்று ஆக்கிய சொல்லன்று, ‘குறிக்கோள் இலாது கெட்டேன்’ என்று அப்பர் தேவாரத்திலேயே வருவது.

மகள் மனத்தில் இருந்தது எது என்று அவளிடமே கேளுங்கள். நாலுபேர் மதிக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்பதுதான் என்றால், ‘சமுதாயத்தில் உயர்ந்த நிலையை அடைவதே என் குறிக்கோள்’ என்று எழுதட்டும். ஆசிரியரும் மறுக்க மாட்டார். ஆட்சிப்பணி போன்ற ஒன்றை நினைத்திருந்தால், ‘உயர்ந்த பதவி’ என்று நேராகவே எழுதிவிடலாம்.