செபத்தில் எப்படிக் கேட்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாம் கேட்குமுன்பே நம் தேவை தந்தைக்குத் தெரியும் என்கிறார் இயேசு (மத்தேயு 6:8). பிறகு ஏன் கேட்க வேண்டும்? வாடைக்காலத்தில் கணவருக்குக் கடற்தொழில் இல்லை. லோன் கட்டுக்காசுக்காகச் செபிப்பது சுயநலம் போலவும் இருக்கிறது.
– வாசகி, பாலையூற்று

பதில்: அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், சகோதரி. தந்தைக்குத் தெரியும் என்று சொன்ன கையோடு இயேசு கற்றுக்கொடுத்தது கேட்கிற செபத்தைத்தான். அதில் 7 மன்றாட்டுகள். முதல் 3 கடவுளின் பெயர், ஆட்சி, திருவுளம் பற்றியவை. 4ஆவதாகவே உணவு வந்துவிடுகிறது, பாவமன்னிப்புக்கும் முன்னால். அதுவும் "எங்கள்" உணவு. உங்கள் கட்டுக்காசைச் சொல்லும்போது, வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்கும் அயல் வீடுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுயநலம் என்ற உறுத்தல் அங்கேயே அடங்கும்.

கேட்பதில் பலர் இரண்டு இடத்தில் பிழை விடுகிறார்கள். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுப்படச் சொல்லிவிட்டு எழும்புவது ஒன்று. எரிகோ வீதியில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். கண்டவுடன் தெரிகிற தேவைதான். என்றாலும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். நீங்களும் தொகையையும் திகதியையும் சொல்லுங்கள்: "15ஆம் திகதிக்குள் 12,000 ரூபாய் கட்ட வேணும், கையில் 4,000தான் இருக்கு." இப்படிச் சொல்லும்போது பயம் ஒரு அளவுக்குள் வந்துவிடும், எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்கே தெளிவாகும்.

மற்றப் பிழை, தேவையோடு வழியையும் நாமே வகுத்துக் கொடுப்பது. "தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப வேணும்" என்று செபித்தால், தம்பி அனுப்பாத மாதம் கடவுள் மீதும் மனத்தாங்கல், தம்பி மீதும் கோபம். கானாவூர்க் கல்யாண வீட்டில் மரியா இயேசுவிடம் சொன்னது திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது என்பதை மட்டும். இலாசரின் சகோதரிகள் சொல்லியனுப்பியதும், உம் அன்புக்குரியவன் நோயுற்றிருக்கிறான் என்பதுதான். தேவையை அச்சொட்டாகச் சொல்லுங்கள். வழியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

செபித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று பாரசீக அரசரிடம் பணிசெய்த நெகேமியா கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதம் (நவம்பர்–டிசம்பர்); அரசரிடம் வாய் திறந்தது நீசான் மாதம் (மார்ச்–ஏப்ரல்). ஏறக்குறைய 4 மாதம், நம் பக்கம் கடல் கொந்தளித்து அடங்குகிற அதே பருவம். அவ்வளவு நாள் செபித்தபடியால், அரசர் என்ன வேண்டும் என்றதும் ஆளுநர்களுக்குக் கடிதம், வாயில்களுக்கு மரம் என்று தெளிவாகக் கேட்க முடிந்தது. தவணை தப்புமுன்பே வங்கி முகாமையாளரிடம் போய், வாடை முடியும் வரை அவகாசம் கேளுங்கள். போகுமுன் ஒரு நிமிடம் செபியுங்கள். நெகேமியாவும் அரசருக்குப் பதில் சொல்லுமுன் செபித்தார்.

கேள்வி: மகள் சோதனையில் சித்தியடைந்தால் லூர்து அன்னைக்குத் தங்கச் சங்கிலி தருவதாக நேர்ந்தேன். சித்தியடைந்துவிட்டாள். சங்கிலியோ அடகில். தண்டனை வருமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அதை இலேசாக எடுக்கக் கூடாது. தக்க காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு (திருச்சபைச் சட்டம் 1196). அவரிடம் போய் நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்லுங்கள். உங்களால் இயன்ற சிறிய ஒன்றாக மாற்றித் தரவும் அவரால் முடியும். கடன் வாங்கி நகை மீட்க ஓடாதீர்கள்.

இனி நேர்வதானால், "நீர் தந்தால் நான் தருவேன்" என்ற பேரம் வேண்டாம். மகளின் சித்தி விலைக்கு வாங்கியதல்ல.

கேள்வி: 9 நாள் செபிக்கும் நவநாளில் ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: இல்லை. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இயேசு விண்ணேறியபின் சீடர்கள் மரியாவோடு காத்திருந்து செபித்த நாட்களின் நினைவே அந்த 9.

கேள்வி: அப்பாவுக்காக இரண்டு வருடமாகச் செபிக்கிறேன். சுகமில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள்.
– வாசகர், நிலாவெளி

பதில்: அப்படிச் சொன்னவர்கள் கெத்சமனியை மறந்துவிட்டார்கள். சிலுவைச் சாவுக்கு முந்திய இரவு, துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று அங்கே இயேசுவே ஒரே மன்றாட்டை 3 தடவை சொன்னார், கிண்ணம் அகலவில்லை. பவுலும் தம் உடலில் தைத்த முள்ளுக்காக 3 தடவை வேண்டினார். முள் எடுபடவில்லை, அதைத் தாங்க அருள் கிடைத்தது. இவர்களுக்கு விசுவாசம் போதாது என்று யார் சொல்வார்?

செபிக்க வார்த்தை வராத நாளில் 13ஆம் திருப்பாடலை எடுங்கள். "எத்தனை காலம்" என்று அதில் 4 தடவை வருகிறது. அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கலாம்; அது விசுவாசக் குறைவு அல்ல. நோயில் பூசுதலுக்கு (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) கடைசி நேரம் வரை பொறுக்க வேண்டாம், இப்போதே குருவானவரை வீட்டுக்கு அழையுங்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள். விவிலியத்தின் சீராக் நூல், 38ஆம் அதிகாரம் நோயாளியைச் செபிக்கச் சொல்லிவிட்டு, மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறது. கிளினிக் நாளுக்கு முதல் இரவு, டொக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி அப்பாவோடு இருந்து வாசியுங்கள். அந்தத் தாளையே வைத்து இருவரும் செபியுங்கள்.