கப்பலுக்காக நட்ட மரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வனவியல் முதுகலை படிக்கிறேன். 2100ஆம் ஆண்டில் காடுகள் எப்படி இருக்கும் என்று வகுப்பில் நான்கு எதிர்காலங்களைக் கட்டம் போட்டு வரைந்தோம். காகிதத் தேவை குறைகிறது, மரக் கட்டடங்கள் பெருகுகின்றன, மரங்கள் பிடித்துவைக்கும் கார்பனுக்கு விலை வைத்து விற்கும் கார்பன் சந்தை வளர்கிறது. எந்த ஒரு மரத்தை நட்டால் தொழிலும் காடும் பிழைக்கும்?

க.

அன்புள்ள க.,

காகிதத்தை விடுங்கள். செய்தித்தாளுக்குக் காகிதம் செய்த ஆலைகள் பலவும் அட்டைப்பெட்டிக்கு மாறிவிட்டன, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கார்பன் சந்தை பற்றி இன்னொரு நாள். ‘எந்த ஒரு மரம்’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

என் அப்பா தச்சர். முந்தாநாள் அவருடைய இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அறுத்த கட்டையின் வளையங்களில் விரலை ஓட்டி, “இங்க நெருங்கியிருக்கு பார், மழை இல்லாத வருஷம்” என்பார். அவசரமாக வளர்ந்த மரத்தைக் கையில் வாங்கியதும் “வைரம் பாயலை” என்று ஓரமாக வைத்துவிடுவார். நார்வேயில் 2019இல் கட்டி முடித்த மியோஸ்டார்னெட் என்ற மரக் கட்டடம் 18 மாடி, 85 மீட்டர் உயரம். பலகைகளைப் பசை போட்டு ஒட்டிய தூண்கள்தான் அதைத் தாங்குகின்றன. அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அந்தப் பலகைகளுக்கான மரங்களை வளர்த்தவர்களும் இப்படி ஒரு கட்டடத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்வீடனில் விசிங்சோ என்று ஒரு தீவு. கடற்படைக்குக் கப்பல் கட்ட வேண்டும் என்று 1830களில் அங்கே ஓக் மரம் நடத் தொடங்கினார்கள். சுமார் 3 லட்சம் கன்றுகள். நேராக ஓங்கி வளரட்டும் என்று நடுவே வேறு மரங்களையும் வைத்தார்கள். அத்தனை அக்கறை. 1975இல் ‘உங்கள் மரங்கள் தயார்’ என்று வனத்துறை கடற்படைக்குத் தகவல் சொன்னது. கடற்படையிடம் அப்போது இரும்புக் கப்பல்கள். பிரான்சின் த்ரோன்சே காடும் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் கடற்படைக்காகப் பேணச் சொன்ன ஓக் காடு அது. இன்று அதன் மரம் ஒயின் பீப்பாய்க்குப் போகிறது. இரண்டு இடத்திலும் கணக்குத்தான் தவறியது, மரம் வீணாகவில்லை.

கணக்கோடு மரமும் போன இடம் மத்திய ஐரோப்பா. சீக்கிரம் வளரும், நேராக வளரும், ஆலைக்குத் தோது என்று பீச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள் நின்ற தாழ்நிலங்களில்கூட ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றையே வரிசையாக நட்டார்கள். அன்றைக்கு அதுதான் விஞ்ஞானம். 2018இல் கடும் வறட்சி. பட்டையைத் துளைக்கும் வண்டை ஸ்புரூஸ் பிசின் சுரந்துதான் விரட்டும், தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் ஏது? செக் நாட்டில் மலைமலையாகக் காய்ந்து நின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டி விற்றதில் விலையும் விழுந்தது.

இதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கும். படித்த பிறகும் ‘ஒரு மரம்’ என்று கேட்டால் எனக்குக் கோபம் வரத்தானே செய்யும்? நான்கு கட்டங்களில் எது நடக்கும் என்று தெரியாமல்தானே நான்கு வரைந்தீர்கள்? அப்புறம் ஒன்றுக்கு மட்டும் ஏன் நடுகிறீர்கள்?

நீங்கள் இந்த வயதில் 2100ஐ நினைத்துக் கவலைப்படுவது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் திட்டுகிறேன். அந்தக் கட்டத்தை மறுபடி எடுங்கள். 7 வருஷத்தில் வெட்டுவது, 40இல் வெட்டுவது, 120 வரை நிற்பது, கோடாரியே படாதது என்று கலந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தப் பூச்சிக்கு, எந்த வறட்சிக்கு அது சாகும் என்றும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.