மாம்பழ சீசனில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 47. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஐந்து வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி. ஒரு வருடமாக நடக்கிறேன், ராத்திரி சோற்றுக்குப் பதில் ராகிக் களி. எடை 81-லிருந்து 72 கிலோவாகிவிட்டது. சீசனுக்கு முன் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, முன்பு 8.4. மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடலாமா? சீசன் தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாடு நாலு மணி ஆகிவிடுகிறது. டென்ஷனில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆட்கள்மேல் எரிந்து விழுகிறேன். ஒரு டீ குடித்தால் அடங்குகிறது. வெறும் வயிற்றில் 100-க்குள் இருந்த சர்க்கரை இப்போது 140 காட்டுகிறது. இதெல்லாம் டென்ஷனால்தானா?

பதில்: ஒன்பது கிலோ குறைத்து, அதை அப்படியே வைத்திருக்கிறீர்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்க உங்களுக்கு முழுத் தகுதி உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த டீ. அதில் சர்க்கரை போட்டுத்தானே குடிக்கிறீர்கள்? நடுக்கம், வியர்வை, திடீர் கோபம், இனிப்பு உள்ளே போனதும் சரியாகிவிடுவது: இது டென்ஷன் போலவே தெரியும், ஆனால் எனக்கு லோ சுகர் என்றுதான் சந்தேகம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. 81 கிலோவில் பொருந்திய அளவு, எடை குறைந்து மதியச் சாப்பாடும் தள்ளிப்போகும்போது அதிகமாகிவிடலாம்.

குளுக்கோமீட்டரை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள், வேலைக்கு எடுத்துப்போங்கள். அடுத்த முறை நடுங்கினால் டீக்கு முன்னால் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. மீட்டர் கையில் இல்லையென்றால் பார்க்கக் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பைக்கை எடுக்கவே கூடாது.

ஆகவே முதலில் பேச வேண்டியது கிளிமிபிரைடைப் பற்றி, அதுவும் இந்த வாரமே. உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த அளவுகளைக் காட்டுங்கள். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இதற்குச் சீசன் முடியக் காத்திருக்க வேண்டாம். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் பெரும்பாலும் லோ சுகர் வராது. அது இப்போதைக்கு இருக்கட்டும்.

காலை 140-க்கு வருவோம். டென்ஷனுக்கு அதில் பங்கு உண்டு. டென்ஷனில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசாலும் ஏறினால் கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலினின் வேலையும் மந்தமாகும். தூக்கம் குறைந்தாலும் இதே கதைதான். ஆனால் டென்ஷன்மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். சீசனில் நடைப்பயிற்சி நிற்கும், டீ கூடும், கூழ் ருசி பார்ப்பதும் கூடும். பெங்களூரா கூழில் பிரிக்ஸ் 14 என்று நீங்களே எழுதி வைப்பீர்கள். நூறு கிராமில் ஏறக்குறைய அவ்வளவு கிராம் கரைந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ருசி பார்க்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

களியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் களியைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள், எனக்கும் களி பிடிக்கும். ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், சரி. ஆனால் மாவுச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். நைசாக அரைத்த மாவு சீக்கிரம் ஜீரணமாகும். ஒரு சின்ன உருண்டை போதும், கீரையும் கொள்ளுக் கடைசலும் தட்டை நிரப்பட்டும். மதியச் சாப்பாட்டுக்கு லாரி வரிசையைப் பார்க்காமல் ஒரு மணிக்கே பத்து நிமிடம் ஒதுங்குங்கள்.

உங்கள் 6.0 சீசனுக்கு முந்தைய மாதங்களின் கணக்கு. இடையிடையே லோ ஆகியிருந்தால் சராசரி இன்னும் அழகாகத் தெரியும். சீசன் ஓய்ந்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் மெட்ஃபார்மினை மருத்துவர் படிப்படியாகக் குறைக்கலாம். எல்லா மாத்திரையும் நின்று குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் அடங்கியிருக்கிறது என்போம். பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் இந்த நிலைக்கு வந்தார்கள். அவர்கள் எல்லோருமே நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். உங்களுக்கு ஐந்து வருடம், அதனால் நம்பிக்கை வைக்கலாம். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும்.

பிரஷர், கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் அவற்றை இந்தச் சாக்கில் நிறுத்திவிடாதீர்கள். வாங்க நேரமில்லை என்றால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; 2021 ஆகஸ்டில் அதைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

கண் பரிசோதனையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மாத்திரை நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும் பாதத்தையும் பார்த்தாக வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நினைவில்லை என்றால் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.