சபாஷ் சார்!

கேள்வி: ஆண்டு விழாவில் எங்கள் மேலதிகாரி நன்றாகப் பேசினார். மேடையை விட்டு இறங்கியதும் மனதாரக் கைகொடுத்து "சபாஷ் சார்" என்றேன். மனிதர் முகம் அப்படியே மாறிவிட்டது. சபாஷ் என்றால் 'ராஜாவாக இரு' என்றுதானே அர்த்தம்? இதில் கோபப்பட என்ன இருக்கிறது? (தேனி வாசகர் ஒருவர்)

பதில்: முதலில் அந்த ராஜாவை இறக்கிவிடுவோம். பாரசீகத்தில் 'ஷாத் பாஷ்', அதாவது 'மகிழ்ச்சியாக இரு', தேய்ந்து 'ஷாபாஷ்' ஆனது. 'ஷா' என்று காதில் விழுந்ததும் பலருக்கு அரசர் ஞாபகம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஈரானில் இன்றைக்கு ஒருவரைப் பாராட்ட 'ஆஃபரின்' என்பார்கள். ஷாபாஷ் என்றால் கல்யாண வீட்டில் ஆடுபவர்கள் மேல் வீசும் பணம். ஆர்க்காட்டு நவாப், தஞ்சை மராட்டியர் தர்பார்களின் காலத்தில் தர்பார், சிபாரிசு, சிப்பாய் என்று ஒரு கூட்டமே தமிழுக்குள் வந்ததே, இதுவும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

ஆனால் அர்த்தமா உங்களைக் கவிழ்த்தது? இல்லை. சபாஷ் சொல்கிறவர் மார்க் போடுகிறவர். வாத்தியார் பையன் முதுகில் தட்டிச் சொல்லுவார், தாத்தா பேரனுக்குச் சொல்லுவார், கச்சேரியில் மூத்த பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் சின்னப் பையனுக்குச் சொல்லுவார். அதே பையனுக்கு அவர் பாட்டு பிடித்துப்போனால் தலையை ஆட்டிக்கொண்டு "ஆஹா" என்பான். ஆஹா என்பது தான் கிறங்கியதைச் சொல்வது, சபாஷ் அடுத்தவர் தேறிவிட்டார் என்று சொல்வது. 1958-ல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆட, பி.எஸ்.வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்கிறாரே, அவர் ஆடவில்லை, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். அந்த இடத்தில் இருப்பவர் வாயில்தான் அது பொருந்தும்.

சந்தேகமிருந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'சபாஷ்டா' சுலபமாக வரும். 'சபாஷுங்க' வருகிறதா? அருமைங்க, சூப்பருங்க எல்லாம் தாராளமாக வருகிறது, இது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். உங்கள் 'சபாஷ் சார்' கதையும் அதுதான்: சபாஷ் அவரைக் கீழே உட்கார வைத்தது, சார் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது, பாவம், முடியவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வீட்டில் ஒரு "சபா...ஷ்" விழும் பாருங்கள், அதுவும் நம் ஊர் வழக்கில் உள்ள சபாஷ்தான். கொஞ்சம் இழுத்தால் போதும், பாராட்டு திட்டாகிவிடும். நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை.

பலே, பேஷ் என்று வேறு எதையாவது பிடித்துக்கொண்டு திரும்பப் போய் நிற்காதீர்கள், அவையும் ஏறக்குறைய அதே நாற்காலியிலிருந்து வருபவைதான். "ரொம்ப நல்லா பேசினீங்க சார்" என்றிருந்தால் தீர்ந்தது. இன்னும் மோசமில்லை. உங்கள் இன்கிரிமென்ட் ஃபைல் அவர் மேஜைக்குப் போவதற்குள் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.