பிரிட்டோன் போட்டால் வாய்ப்புண் திரும்ப வராதா?

அரிப்புக்குப் போட்ட பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மாத்திரையில் வாய்ப்புண்ணும் ஆறியது, இனி அதையே போடலாமா என்று கேட்கிறீர்கள். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் சித்தியும் அந்தக் குட்டி மஞ்சள் மாத்திரையைச் சுருக்குப்பையில் முடிந்துவைத்திருக்கிறார்.

சின்னப் புண் மருந்தே இல்லாமல் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். கடைசியாக விழுங்கிய மாத்திரைக்குப் பேர் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

சரி, யோசனையில் நியாயம் இல்லாமலில்லை. பிரிட்டோன் தடுப்பது ஹிஸ்டமினை, அதாவது அரிப்பையும் வீக்கத்தையும் தூண்டும் பொருளை. புண்ணைச் சுற்றி அதைக் கக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் கூடுகின்றன. ஆனால் திசுவைச் சிதைப்பதில் பெரும்பங்கு டி செல்கள் என்ற வேறு எதிர்ப்பு அணுக்களுக்கு. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகள் பற்றிய 25 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012இல் அலசியது. இதுதான் மருந்து என்று எதையும் கைகாட்ட முடியவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வைட்டமின் பி12. 2009இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் தினமும் 1000 மைக்ரோகிராம், ஆறு மாதம். முடிவில் 74 விழுக்காட்டினருக்குப் புண் இல்லை. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் 32 விழுக்காட்டினருக்குப் புண் இல்லை! சித்தியின் மஞ்சள் மாத்திரை ரகசியம் இதுதான்.

பிரிட்டோன் தூக்கத்தைத் தரும், வாயையும் உலர்த்தும். காய்ந்த வாயில் சம்பால் மிளகாய் விழுது பட்டால் கண்ணில் நீர்தான். வெற்றிலை போடுபவருக்கு மூன்று வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் புண் நின்றால், மாத்திரையை விட்டுவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.