ஸ்டவுட்டில் கரிக்கசப்பு மட்டும் தெரிந்தால்

உங்கள் ஸ்டவுட், அதாவது கருக வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு பீர், கெட்டுப்போகவில்லை, அதிகம் குளிர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்ததாகவும், காப்பி, சாக்லேட் மணம் எதுவும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 4 டிகிரியில் மணம் எழும்பாது. கசப்புதான் முன்னால் வந்து நிற்கும். ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி போதும்.

அந்தக் காப்பி மணத்துக்குக் காப்பி சேர்த்திருக்க வேண்டியதில்லை. கருக வறுத்த பார்லியே அதைத் தரும். ஏற்காட்டுக் காப்பிக் கொட்டையை வறுக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆறி அவலாய்ப் போன டிகாக்‌ஷனைக் குடித்துப் பாருங்கள், அதிலும் கசப்புதான் மிஞ்சும்.

வாய் அகன்ற கண்ணாடித் தம்ளரில் பாதி ஊற்றி, 20 நிமிடம் விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் பத்தே போதும். உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று சுழற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு வாய்.

தொட்டுக்கொள்ள, சட்னி வைத்த நம் சேலத்துத் தட்டுவடை செட் என்றீர்களே! அந்தப் பூண்டுச் சட்னிக்குப் பிறகு எந்த மணம் நாக்கில் ஏறும்? அதைப் பிறகு சாப்பிடுங்கள்.

லேசான புளிப்பு வறுத்த பார்லிக்கு இயல்பு. ஆனால் காடி நெடியோ நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்தால், குளிரைக் குறைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.