கேளுங்கள், சொல்கிறேன்: காளிக்கு ஏன் கைதட்டுகிறோம்?

கேள்வி: ‘முள்ளும் மலரும்’ படத்தை எப்போது போட்டாலும் என் அண்ணன் எழும்பாமல் பார்ப்பார், காளி இஞ்சினியரை எதிர்த்துப் பேசினால் கைதட்டுவார். எனக்கோ எரிச்சல்தான் வருகிறது. தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொள்கிற ஒருவனை ஏன் இப்படிக் கொண்டாடுகிறோம்?
— வாசகி, மஸ்கெலியா

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது, அண்ணனின் கைதட்டலும் பொய்யில்லை. அந்த மலையில் காளிக்கென்று இருப்பது ஒரு வின்ச், கம்பிவடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இழுவை வண்டி. அவன் இயக்கினால்தான் மேலே போகலாம், கீழே இறங்கலாம். காசும் படிப்பும் இல்லாத, தாய் தகப்பனும் இல்லாத ஒருவன் நானும் ஒரு ஆள் என்று நிமிர்ந்து நிற்பது அதை வைத்துத்தான். புதிதாக வந்த இஞ்சினியர் சட்டம் பேசியதும், தன்னையே இல்லாமலாக்க வந்துவிட்டார் என்று நினைக்கிறான். அப்புறம் குடி, ரோட்டில் விழுந்து கிடப்பது, லொறி ஏறி ஒரு கையே போய்விடுவது.

தோட்டத்து ஆட்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஏச்சு வாங்கி, வேலை முடியவில்லை என்று அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டாலும் வாய் திறக்க முடியாமல் வருகிற மனிதன், லயத்து வீட்டுக்கு வந்து யாரிடம் குரலை உயர்த்துவான்? பெண்சாதியிடம், தங்கச்சியிடம். துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் அவன் சொல்ல முடியாததைக் காளி சொல்கிறான், கைதட்டல் அதற்குத்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுப்பது தங்கச்சி வள்ளியும் பெண்சாதி மங்காவும். அதைக் கண்டும் காணாமல் கைதட்டுவது எனக்கும் பிடிப்பதில்லை.

கடைசிக் காட்சியை இன்னொரு தரம் பாருங்கள். வள்ளி, தான் விரும்பிய அந்த இஞ்சினியரை விட்டுவிட்டு அண்ணனிடமே திரும்பி வருகிறாள். தன்னை ஒருவராவது வேண்டும் என்று சொல்லவேண்டும், இவ்வளவு நாளும் அவன் ஏங்கியது அதற்குத்தான். கிடைத்ததும் பிடி தளர்ந்துவிடுகிறது, அவனே அவளை இஞ்சினியரிடம் அனுப்புகிறான், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு! தன்மானம் அப்படியே இருக்கிறது, அதிகாரம்தான் போகிறது. 1978இல், தான் இயக்கிய முதல் படத்திலேயே மகேந்திரன் இதை எழுதிவிட்டார் (ஒளிப்பதிவு நம் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா). இருந்தாலும் அவன் மனம் இளக வள்ளி தன் ஆசையை விடவேண்டி வந்ததே, அந்த இடம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்படித் திரும்பி வர ஆளில்லாதவனை மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘ரேஜிங் புல்’ (1980) படத்தில் பார்க்கலாம். மனைவியையும் தம்பியையும் சந்தேகப்பட்டே இழந்த குத்துச்சண்டைக்காரன், கடைசியில் சிறைச் சுவரைக் குத்துகிறான். அடிக்க வேறு யாரும் மிஞ்சவில்லை.

கேள்வி: பெண்களில் இப்படி ஒரு பாத்திரம் உண்டா?
— வாசகர், பதுளை

பதில்: ‘சன்செட் பூலெவார்ட்’ (1950) படத்தின் நோர்மா டெஸ்மண்ட். மௌனப்பட காலத்து நட்சத்திரம். கொலை செய்த பிறகு, செய்திப்படம் எடுக்க வந்த கெமராக்களைப் படப்பிடிப்பு என்றே நம்பி மாடிப்படி இறங்கி வருவாள். நம் படங்களில் ஒரு பெண் தன்னை அழித்துக்கொண்டால் அது அநேகமாக அப்பாவுக்காகவோ தம்பிக்காகவோதான் இருக்கும், நாமும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். தன் அகங்காரத்தாலேயே கெட்டுப்போகிற ஒரு மலையகப் பெண்ணை யாராவது படமாக்கினால், முதல் காட்சிக்கே போய்விடுவேன்.